சுமையை மீண்டும் கையில் எடுத்தோம்

இந்த மடலைக் கையில் வைத்திருக்கும் பலர், புறநோயாளர் பிரிவின் முன்னுள்ள நாற்காலிகளில் அமர்ந்து, தங்கள் எண் அழைக்கப்படுவதற்காகக் காத்திருக்கக்கூடும். அதே நாற்காலிகளில் இரண்டாண்டுகளுக்கும் மேலாக அமர்ந்து எழுந்தவர்கள் நாங்கள். எங்களை அறிந்த செவிலியரும், சிகிச்சை நாள்களில் பழக்கமான குடும்பத்தினரும், “இப்போது எப்படி இருக்கிறீர்கள்? வேலைக்குப் போகிறீர்களா? வெளியூர் போக முடிகிறதா?” என்று அன்புடன் விசாரிப்பதுண்டு. அவர்கள் அனைவருக்கும் ஒருசேர விடை சொல்லும் வாய்ப்பாக இக்கட்டுரையைக் கருதுகிறோம்.

நாங்கள் மதுரையைச் சேர்ந்த உடன்பிறந்த சகோதரியர் இருவர். மூத்தவளுக்கு வயது 54; அரசு உதவி பெறும் பள்ளியொன்றில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு கற்பிக்கிறாள். இளையவளுக்கு வயது 48. வீட்டின் முன்னறையில் தையற்கூடம் நடத்துகிறாள். மூத்தவளுக்கு வலப்பக்க மார்பகத்தில் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அறுவை சிகிச்சை, வேதிச் சிகிச்சை, கதிர்வீச்சு ஆகிய மூன்றும் முடிந்து, இப்போது நாளுக்கு ஒரு லெட்ரோசோல் மாத்திரை உட்கொண்டு வருகிறாள். ஒவ்வொரு முறையும் மருத்துவமனைக்கு உடன் வந்தவள் இளையவள். எங்களுடன் 78 வயதான எங்கள் அம்மாவும் வசிக்கிறார்.

‘கனம் தூக்காதே’

அறுவை சிகிச்சைக்குப் பின் வீடு திரும்பியபோது, எங்கள் இல்லத்தில் மிக அதிகமாக ஒலித்த சொல் ‘கனம் தூக்காதே’ என்பதுதான். குக்கரை அம்மா இறக்கிவைத்தார். தண்ணீர்க் குடத்தை அண்டை வீட்டார் எடுத்துவந்து கொடுத்தனர். பள்ளிக்குத் திரும்பியதும், மாணவியரின் குறிப்பேட்டுக் கட்டை வகுப்புத் தலைவி சுமந்தாள். கடைக்குச் சென்றால் பை இளையவளின் கைக்கு மாறிவிடும். எல்லாம் அன்பினால் நடந்தவை. அந்த அன்பு இல்லாதிருந்தால் அந்த நாள்களைக் கடந்திருக்க இயலாது.

இச்சொல்லுக்கு ஒரு மருத்துவக் காரணமும் இருந்தது. மார்பகப் புற்றுநோய் அறுவையின்போது அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்கள் சிலவற்றை அகற்ற நேரிடுகிறது. கையின் திசுக்களிலிருந்து வடியும் நிணநீர் அக்கணுக்களின் வழியாகவே உடலுக்குள் திரும்புகிறது. வடிகால் குறைந்தால் நீர் தேங்கிக் கை வீங்கலாம். இதனை நிணநீர் வீக்கம் என்கிறோம். சிகிச்சை முடிந்த சில மாதங்களிலும் வரலாம். பல ஆண்டுகள் கழித்தும் வரலாம். கடும் உழைப்பு இவ்வீக்கத்தைத் தூண்டும் என்ற அச்சத்தால், அந்தக் கையால் கனமான பொருளைத் தூக்கலாகாது என்று மருத்துவ உலகமே நெடுங்காலம் அறிவுறுத்தி வந்தது.

அந்த அச்சத்தை முதலில் சோதித்துப் பார்த்த செய்தியை எங்கள் பிசியோதெரபிஸ்ட் சொல்லக் கேட்டோம். 1996ஆம் ஆண்டு, கனடாவின் வான்கூவர் நகரில், டான் மெக்கென்சி என்னும் விளையாட்டு மருத்துவர், மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 24 பெண்களைத் திரட்டி, ‘டிராகன் படகு’ எனப்படும் நீண்ட படகில் துடுப்பு வலிக்கப் பழக்கினார். துடுப்பு வலிப்பது முழுக்க முழுக்கக் கைக்கும் தோளுக்குமான உழைப்பு. எனினும் அப்பெண்களில் எவருக்கும் புதிதாக வீக்கம் தோன்றவில்லை. பின்னர் 2009ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேத்ரின் ஷ்மிட்ஸ் என்பவரின் தலைமையில் நடந்த ஆய்வு வெளிவந்தது. ஏற்கெனவே நிணநீர் வீக்கம் உள்ள 141 பெண்கள் அதில் பங்கேற்றனர். ஒரு பகுதியினர் ஓராண்டு முழுவதும் வாரத்துக்கு இருமுறை எடைப் பயிற்சி செய்தனர். அவர்களது வீக்கம் மற்றவர்களைவிடக் கூடவில்லை. திடீரெனத் தீவிரமாகும் நிகழ்வுகள் குறைந்தன. உடல் வலிமையும் கூடியது.

இந்த ஆய்வில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அப்பெண்கள் எடுத்த எடுப்பிலேயே பெருஞ்சுமையைத் தூக்கவில்லை. மிகக் குறைந்த எடையில் தொடங்கி, பயிற்சி பெற்றவரின் மேற்பார்வையில், கைக்கு அளவெடுத்த அழுத்த உறையை அணிந்துகொண்டு, சிறிது சிறிதாகவே கூட்டினர்.

வலிமை ஏன் வேண்டும்?

நோய் நீங்கினால் போதாதா, வலிமை எதற்கு என்று எங்கள் உறவினர் சிலர் கேட்டனர். அவர்களுக்கு நாங்கள் சொன்ன விடையை இங்கும் எழுதுகிறோம்.

நடுவயதைக் கடந்த எவருக்கும் ஆண்டுதோறும் தசை சிறிது சிறிதாகக் குறைகிறது. வேதிச் சிகிச்சையின்போது உணவு செல்லாமலும் படுக்கையிலேயே கிடந்தும் கழியும் நாள்கள் அந்த இழப்பை விரைவுபடுத்துகின்றன. லெட்ரோசோல் போன்ற மாத்திரைகள் நோய் திரும்பாமல் காக்க உதவுகின்றன. ஆனால் எலும்பின் அடர்த்தியைக் குறைக்கவும், மூட்டுகளில் வலியை உண்டாக்கவும் கூடியவை. எலும்பும் தசையும் ஒருசேரத் தளர்ந்தால், குளியலறையில் ஒருமுறை வழுக்கினாலே இடுப்பெலும்பு முறிய இடமுண்டு. உலக நலவாழ்வு அமைப்பு 2020ஆம் ஆண்டு வெளியிட்ட பரிந்துரையில், புற்றுநோயிலிருந்து மீண்டவர்கள் உள்ளிட்டோரும், இயன்றவரை, வாரத்துக்கு இரண்டு நாள்களேனும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி செய்ய வேண்டும் என்று கூறியுள்ளது.

எங்களுக்கு இது ஏட்டுச் செய்தியாக இருக்கவில்லை. சிகிச்சை முடிந்த தறுவாயில், பந்தியில் தரையில் அமர்ந்து உண்ட மூத்தவளால், சுவரையோ தங்கையின் தோளையோ பற்றாமல் எழ முடியவில்லை. வலக்கையைத் தலைக்குமேல் உயர்த்த இயலாததால் கரும்பலகையின் மேற்பாதி அவளுக்கு எட்டவில்லை. விருப்ப ஓய்வு பெற்றுவிடலாமா என்று விண்ணப்பத்தை எழுதி, பீரோவில் வைத்திருந்தாள். பணியில் இன்னும் சில ஆண்டுகள் எஞ்சியிருந்தன. மகனின் கல்விக் கடனும் எஞ்சியிருந்தது.

அரை லிட்டர் பாட்டிலில் தொடக்கம்

முதலில் மருத்துவரின் அனுமதியைப் பெற்றோம். எலும்பில் நோய் பரவியுள்ளவர்கள், இதயம் பலவீனமுற்றவர்கள், அண்மையில் அறுவை செய்துகொண்டவர்கள் ஆகியோருக்குப் பயிற்சியின் வகையும் அளவும் வேறுபடும். ஆகவே இங்கு நாங்கள் எழுதுவதை அப்படியே பின்பற்றாமல், உங்கள் மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குமாறு வேண்டுகிறோம்.

முதல் சில வாரங்கள் எடையே இல்லை. சுவருக்கு எதிரே நின்று, விரல்களால் சுவரில் மேல்நோக்கி ‘நடப்பது’ ஒரு பயிற்சி. எட்டிய இடத்தில் பென்சிலால் கோடிடுவோம். மறுவாரம் அக்கோட்டை விரல்கள் ஒரு அங்குலமேனும் தாண்டினால் அன்று வீட்டில் அனைவருக்கும் மகிழ்ச்சி. இரண்டாவது பயிற்சி, கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து அமர்வது. மூன்றாவது, சுவரில் உள்ளங்கைகளைப் பதித்து உடலைச் சாய்த்து நிமிர்வது. அதன்பின் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் வலக்கைக்கு வந்தது. அதன் எடை ஏறத்தாழ அரைக் கிலோ.

செவ்வாய், சனி ஆகிய இரு நாள்களின் மாலை, தையற்கூடத்தை மூடியபின், வெட்டுமேசையை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பயிற்சி செய்வது வழக்கமாயிற்று. ஒவ்வொரு பயிற்சியும் பத்து முறை; சற்று ஓய்வு; மீண்டும் பத்து முறை. தொடர்ந்து சில பயிற்சி நாள்கள் கையில் கனமோ இறுக்கமோ தோன்றாதிருந்தால் மட்டுமே அடுத்த எடைக்குச் செல்ல வேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் இடைவெளி விழுந்தால், விட்ட இடத்திலிருந்து தொடராமல், எடையைக் குறைத்துக்கொண்டு மீண்டும் ஏற வேண்டும். இவ்விரு விதிகளையும் எங்கள் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் எழுதிவைத்தோம்.

இளையவளும் உடன் செய்தாள். உடனிருந்து எண்ணுவதற்காகத்தான் அவள் தொடங்கினாள். ஆனால் இருபதாண்டுகள் தையல் எந்திரத்தின்முன் குனிந்திருந்த முதுகுக்கு அவளைவிட அதிகத் தேவை வேறெவருக்கும் இல்லை என்பது ஒரு மாதத்திலேயே தெரிந்துவிட்டது. நோயாளரைத் தூக்கி அமர்த்தியும், இரவெல்லாம் நாற்காலியில் உறங்கியும் வலியைச் சேமித்துக்கொண்ட உடனிருப்போர் இதைப் படித்தால், பயிற்சி உங்களுக்கும் உரியது என்று சொல்ல விரும்புகிறோம்.

அளவெடுக்கும் பொறுப்பு இயல்பாகவே தையற்காரியிடம் சென்றது. வாரத்துக்கு ஒருமுறை, காலையில் எழுந்தவுடன், இரு கைகளையும் இஞ்சு டேப்பால் அளந்தாள். மணிக்கட்டில் ஓர் அளவு. அங்கிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு 10 செ.மீ.க்கும் ஓர் அளவு. டேப்பை இறுக்காமலும் தொளதொளவென விடாமலும் பிடிக்க வேண்டும். புழங்கும் கை இயல்பாகவே சற்றுப் பருத்திருக்கும் என்பதால், தொடக்க அளவைக் குறித்துவைத்து, அதனோடு ஒப்பிட வேண்டும். இரு கைகளுக்கிடையே 2 செ.மீ. அளவுக்கு வேறுபாடு தோன்றினால் நிணநீர் வீக்கத்தின் அறிகுறியாகக் கொண்டு மருத்துவமனைக்கு வர வேண்டும் என்று எங்களிடம் கூறியிருந்தனர். ரவிக்கைக்கு அளவெடுக்கும் அதே டேப் எங்கள் வீட்டில் மருத்துவக் கருவியும் ஆனது.

மூன்று மாதத்தில் ஒரு கிலோ டம்பெல்லுக்கு வந்தோம். ஒன்பதாம் மாதத்தில் மூன்று கிலோ. நாற்காலியிலிருந்து எழும்போது, ஐந்து கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொள்ளத் தொடங்கினோம். திண்ணையிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, ஒருநாள் தாமாகவே ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு, “எனக்கும் எண்ணு” என்றார். முதல் நாள் நான்கு முறை எழுந்து அமர்ந்தார்.

கரும்பலகையும் வெட்டுமேசையும்

பணியைப் பற்றிச் சொல்கிறோம். மூத்தவள் ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது பணிக்குத் திரும்பினாள். முதற்பருவத்தில் கரும்பலகையின் கீழ்ப்பாதியில் மட்டும் எழுதினாள். மேற்பாதியில் எழுத வேண்டியதை மாணவியர் முறைவைத்து எழுதினர். வேதிச் சிகிச்சையால் விரல் நுனிகள் மரத்திருந்தமையால் சாக்கட்டி அடிக்கடி நழுவியது. வடிவியல் பாடத்துக்குரிய மரக் கவராயத்தைப் பலகையில் ஊன்றி வட்டம் வரைவது எல்லாவற்றினும் கடினமாக இருந்தது. அதற்குக் கை உயரவும் வேண்டும், அழுத்தவும் வேண்டும்.

தலைமையாசிரியரிடம் மூன்று கோரிக்கைகளை வைத்தாள்: மாடி வகுப்புகளைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுவது, தொடர்ச்சியாக மூன்று பாடவேளைகள் வராமல் அட்டவணை அமைப்பது, மருத்துவமனைக்கு வரும் நாளில் பிற்பகல் விடுப்பு அளிப்பது. மூன்றும் கிடைத்தன. பணிக்குத் திரும்பும் நோயாளர்கள், ‘எப்படியாவது உதவுங்கள்’ என்று பொதுவாகக் கேட்பதைவிட, இன்னது வேண்டும் என்று எண்ணிச் சொன்னால் உதவுவோர்க்கும் எளிதாகிறது.

அரையாண்டுத் தேர்வுக்குச் சற்று முன்னர், தொடுகோடு வரையும் பாடத்தில், வட்டத்தை அவளே வரைந்தாள். அன்று மாலை பீரோவைத் திறந்து விருப்ப ஓய்வு விண்ணப்பத்தைக் கிழித்தாள். கிழித்த தாளின் பின்புறத்தில் இளையவள் ஒரு வாடிக்கையாளரின் அளவுகளை எழுதிக்கொண்டாள். வீட்டில் தாளை வீணாக்கும் வழக்கமில்லை.

தையற்கூடத்திலும் ஒரு மாற்றம் நேர்ந்தது. மார்பகம் அகற்றப்பட்டவர்கள் அணியும் செயற்கை மார்பகத்தை இடத்தில் நிறுத்த, ரவிக்கையின் உட்புறத்தில் பருத்தித் துணியாலான பை ஒன்று தைக்க வேண்டும். அக்காவுக்காகத் தைத்துப் பழகிய இளையவளிடம், இப்போது இம்மருத்துவமனையில் அறிமுகமான சிலரும் தைத்துக்கொள்கின்றனர். தழும்பில் உராயாதவாறு தையலை வெளிப்புறமாக மடித்துத் தைப்பதும், வலி உள்ள கையை உயர்த்தாமல் அணிய முன்பக்கம் கொக்கி வைப்பதும் அவள் கண்டுகொண்ட நுணுக்கங்கள்.

மலை இரயிலில் ஐந்து மணி நேரம்

சென்ற காலாண்டு விடுமுறையில், சிகிச்சைக்குப் பின் முதன்முறையாகக் குடும்பத்துடன் நீலகிரிக்குச் சென்றோம். கோவையில் பணிபுரியும் மூத்தவளின் மகன் ஏற்பாடு செய்தான். அம்மா, நாங்கள் இருவர், இளையவளின் கல்லூரி பயிலும் மகள், அவன் என ஐந்து பேர்.

பயண ஆயத்தங்களை விரிவாகவே சொல்கிறோம், பலருக்குப் பயன்படலாம். ஒரே பெரிய பெட்டிக்குப் பதிலாக, ஐந்து கிலோவுக்கு மிகாத சிறு பைகளாகப் பிரித்தோம். மூத்தவளுக்கும் ஒரு பை உண்டு. மாத்திரைகளைப் பயண நாள்களைவிட மூன்று நாளுக்கு அதிகமாகவே எடுத்துக் கைப்பையில் வைத்தோம். சிகிச்சைச் சுருக்கத்தின் நகலையும் மருத்துவமனையின் தொலைபேசி எண்ணையும் இருவேறு பைகளில் வைத்தோம். அழுத்த உறை இரண்டு. ஒன்றைத் துவைத்து உலர்த்தும்போது மற்றொன்றை அணியலாம். பூச்சிக்கடியும் கீறலும் அந்தக் கைக்கு ஆகாதென்பதால் முழுக்கை ரவிக்கை, கிருமிநாசினிக் களிம்பு, தோல் வறளாமல் காக்கும் களிம்பு ஆகியனவும் உடன் வந்தன.

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் வரை செல்லும் மலை இரயிலின் பாதை 46 கி.மீ. நீளமுடையது. அதைக் கடக்க ஏறத்தாழ ஐந்து மணி நேரமாகிறது. இறங்குவதற்கு அதைவிடக் குறைவு. கல்லாறு முதல் குன்னூர் வரையிலான செங்குத்தான பகுதியில், தண்டவாளங்களின் நடுவே பற்கள் கொண்ட இருப்புப் பட்டைகள் பதிக்கப்பட்டுள்ளன. எஞ்சினின் பற்சக்கரம் அந்தப் பற்களை ஒவ்வொன்றாகப் பற்றி ஏறுகிறது. 1899ஆம் ஆண்டு குன்னூர் வரையிலும், 1908ஆம் ஆண்டு உதகை வரையிலும் ஓடத் தொடங்கிய இவ்விரயில், 2005ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கும் நிலையங்களில் அனைவரும் இறங்கி நடந்தோம். நெடுநேரம் அமர்ந்திருக்கும் எவரும், குறிப்பாக எங்களைப் போன்றோர், அவ்வப்போது எழுந்து நடப்பதும், கையை உயர்த்தி விரல்களை மூடித் திறப்பதும் நல்லது.

உதகையில் 1848ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அரசு தாவரவியல் பூங்கா, சரிவில் அடுக்கடுக்காக அமைந்திருக்கிறது. கீழ் வாயிலிலிருந்து மேலடுக்கு வரை மூத்தவள் நடந்தே ஏறினாள். இருமுறை அமர்ந்து மூச்சு வாங்கினாள். கல்லாகச் சமைந்த தொன்மையான மரத்தண்டின் அருகில் அம்மா எங்களுக்காகக் காத்திருந்தார். மறுநாள் 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவில் மேகம் மூடியிருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. குளிரில் சூடான மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டு இறங்கினோம். ஆயினும் திரும்பும் வழியில் கோவை நிலையத்தின் படிகளில் தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு ஏறினாளே மூத்தவள், அதுவே எங்களுக்குப் பயணத்தின் சிறந்த காட்சியாக அமைந்தது.

வளையல் இறுகிய நாள்

ஊர் திரும்பிய இரண்டாம் நாள், மூத்தவளின் வலக்கை வளையல் கழலவில்லை. உடனே டேப்பை எடுத்தோம். முன்கையில் தொடக்க அளவைவிட 2 செ.மீ.க்குச் சற்று அதிகமாக இருந்தது. காய்ச்சல் இல்லை, தோல் சிவக்கவில்லை, சூடும் இல்லை. இவற்றுள் ஏதேனும் ஒன்று இருந்திருந்தால் தோலில் தொற்று ஏற்பட்டிருக்கலாம் என்பதால் அன்றிரவே வந்திருப்போம். மறுநாள் காலை முதல் ஆளாக வந்தோம்.

வீட்டில் அன்று பேச்சு கடுமையாக இருந்தது. “பளு தூக்காதே என்று படித்துப் படித்துச் சொன்னேனே” என்று அத்தை தொலைபேசியில் அழுதார். அம்மா ஒன்றும் பேசவில்லை. மாலையில் டம்பெல்களைத் தேடினோம், காணவில்லை. சோறாக்க அரிசி அள்ளப் போன இளையவளின் கையில், அரிசி டிரம்முக்குள் புதைந்திருந்த இரும்பு தட்டுப்பட்டது. அவள் அதை எடுக்கவில்லை, அம்மாவிடம் கேட்கவுமில்லை. அடுத்தமுறை மருத்துவமனைக்கு வருகையில் அம்மாவையும் அழைத்துவந்தாள்.

பிசியோதெரபிஸ்ட் அம்மாவை அருகில் அமர்த்திப் பொறுமையாக விளக்கினார். இவ்வீக்கத்துக்கு இன்னதுதான் காரணம் என்று ஒன்றைச் சுட்ட இயலாது என்றார். கணுக்கள் அகற்றப்பட்ட எவருக்கும், எதுவும் செய்யாதிருந்தாலும், வர வாய்ப்புண்டு என்றார். தொடக்கத்திலேயே கண்டதால் கட்டுப்படுத்துவது எளிது என்றும், வாரந்தோறும் அளந்ததால்தான் இவ்வளவு விரைவில் தெரிந்தது என்றும் சொன்னார். பல அடுக்குக் கட்டு, மென்மையாக நீவி நிணநீரை வடியச் செய்யும் சிகிச்சை, புதிதாக அளவெடுத்த அழுத்த உறை என இரண்டு வாரங்கள் கழிந்தன. அதுவரை எடைப் பயிற்சிக்கு ஓய்வு. நடைக்கும் நாற்காலிப் பயிற்சிக்கும் தடையில்லை.

பயிற்சியை மீண்டும் தொடங்கலாமா என்ற முடிவை மருத்துவர் எங்களிடமே விட்டார். செய்தால் தொடக்க எடையிலிருந்து செய்யலாம் என்றார். மூன்று கிலோ தூக்கிய கைக்கு மீண்டும் அரை லிட்டர் பாட்டில். மூத்தவள் இரண்டு நாள் யோசித்தாள். கரும்பலகையின் மேற்பாதியை மறுபடி விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை. சனிக்கிழமை மாலை வெட்டுமேசையை ஓரமாகத் தள்ளும் ஓசை கேட்டதும், அம்மா எழுந்து சமையலறைக்குச் சென்றார். திரும்பி வந்து, அரிசித் தவிடு படிந்த டம்பெல்களைத் தம் முந்தானையால் துடைத்துத் தையல் எந்திரத்தின் அருகில் வைத்தார். “இப்போது பாட்டில் போதும். இது இங்கேயே இருக்கட்டும்” என்றார்.

உடனிருப்போர்க்குச் சில சொற்கள்

நோயுற்றவரின் கையிலிருந்து சுமையை வாங்கிக்கொள்வது உடனிருப்பவரின் முதற்கடமை. நோய் தணிந்தபின், அந்தச் சுமையை அளவறிந்து திருப்பிக் கொடுப்பதும் அவருக்குரிய கடமையே. இரண்டாவது முதலாவதைவிடக் கடினம். ஏனெனில் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க வேண்டியிருக்கிறது. எங்களுக்குப் பயன்பட்ட சில வழிகளைச் சொல்கிறோம்.

‘நான் எடுத்துக்கொள்கிறேன்’ என்பதற்கு முன், ‘எடுக்கட்டுமா?’ என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விலகி நில்லுங்கள். ஆனால் அருகிலேயே நில்லுங்கள். வீட்டு வேலைகளை எடையால் வரிசைப்படுத்துங்கள்: காப்பித் தம்ளர், பால் பாக்கெட், இரண்டு கிலோ காய்கறி, அரைக்குடம் தண்ணீர். பயிற்சியில் எளிதாகத் தூக்கும் எடைக்குள் அடங்கும் வேலையை மட்டும் திருப்பிக் கொடுங்கள். அளவுகளையும் பயிற்சியையும் ஒரே குறிப்பேட்டில் எழுதுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும் மருத்துவச் சந்திப்பில் அந்த ஏடு உங்களுக்காகப் பேசும். முடிவெடுக்கும் சந்திப்புகளுக்கு, மிகவும் அஞ்சும் குடும்பத்தினரையும் அழைத்து வாருங்கள்.

இன்றைய நிலை

இதை எழுதும் வாரத்தில், முன்கையின் வேறுபாடு ஒரு செ.மீ.க்குக் கீழே இறங்கியுள்ளது. மூத்தவள் பயிற்சியின்போதும், நெடுநேரம் எழுதும் நாள்களிலும் அழுத்த உறையை அணிகிறாள். எடை மீண்டும் ஒன்றரைக் கிலோவுக்கு வந்திருக்கிறது. மூன்று கிலோவை எப்போது எட்டுவாள் என்பதற்கு நாங்கள் நாள் குறிக்கவில்லை. லெட்ரோசோல் இன்னும் சில ஆண்டுகள் தொடரும். அடுத்த மாதம் மேமோகிராமும் எலும்பு அடர்த்திப் பரிசோதனையும் இருக்கின்றன. பரிசோதனைக்கு முந்தைய இரவுகளில் எங்கள் இருவருக்கும் இன்றும் உறக்கம் வருவதில்லை. அதற்கு எந்தப் பயிற்சியும் உதவியதாகச் சொல்ல மாட்டோம்.

இளையவளின் முதுகுவலி பெரும்பாலும் நீங்கிவிட்டது. அம்மா, கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து தொடர்ந்து பதினொரு முறை எழுகிறார். பன்னிரண்டாவதை எண்ண விடாமல் நாங்கள்தான் நிறுத்துகிறோம். கோடை விடுமுறைக்கு இராமேசுவரம் செல்லலாம் என்று பேச்சு நடக்கிறது. பிசியோதெரபிஸ்டிடம் கேட்டபின்பே பயணச்சீட்டு எடுப்போம்.

செவ்வாய்க்கிழமை காலைகளில் மருத்துவமனையில் எங்களைக் காண நேர்ந்தால், தயங்காமல் பேசுங்கள். குறிப்பேடு எங்கள் பையில்தான் இருக்கும். இஞ்சு டேப்பும் உடன் இருக்கும். கையை எப்படி அளப்பது என்று கேட்டால் இளையவள் மகிழ்ச்சியோடு காட்டுவாள்.